கறுப்பு எலிக்குப் போட்ட தீனி

கொழும்பு
மாசி மாதம், 2007

பாசமுள்ள அப்பாவுக்கும், அதைவிடப் பாசமுள்ள அம்மாவுக்கும், பாசத்தை ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தங்கச்சி கலைச்செல்விக்கும் சுதாகரன் கும்பிட்டு எழுதுவது. கலை, நீதான் வாசிக்கப் போகிறாய் என்று தெரியும். தொண்டையைச் செருமிக்கொள். றேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும்.

இதனால் வெள்ளிமலைத் தோட்டம் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளின் மக்கள் சகலருக்கும் அறியத் தருவதாவது: சென்ற வியாழக்கிழமை காலை, கொழும்பு ஆராய்ச்சி நிலையத்தின் எலி வீட்டில், மூலைக் கூட்டில் வசிக்கும் திருமதி வெள்ளையம்மாள் அவர்கள் ஒரு டசினுக்கு ஒன்று குறையப் பிள்ளைகளைப் பெற்றெடுத்தார். தாயும் பிள்ளைகளும் சுகம். பிள்ளைகள் ஒவ்வொன்றும் அவித்த கடலைப் பருமன். பிரசவம் பார்த்தவர் அழகமுத்துவின் ஒரே மகன் சுதாகரன். பார்த்தவர் என்றால், பார்த்துக்கொண்டு நின்றவர். செய்திகள் முடிந்தன.

அப்பா சிரித்தாரா என்று பதிலில் எழுது கலை. சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை வாசி.

மாவனல்லை கபூர் முதலாளி ஒரு வார்த்தை சொன்னதால்தான் அவர் மகள் றஸ்மியா மிஸ் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தார் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். நம்ப வேண்டாம். எல்லாம் என் திறமை. மிஸ் இங்கே டொக்டர். ஊசி போடுகிற டொக்டர் இல்லை, படித்துப் படித்து டொக்டர் ஆனவர். மற்றவர்களோடு சிங்களமும் இங்கிலீசும். என்னோடு மட்டும் மாவனல்லைத் தமிழ், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிற தமிழ். நான் கூடு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி நிறுத்துப் போட்டு, வாரம் ஒரு தடவை எலிகளைத் தராசில் ஏற்றுகிறேன். வாலைப் பிடித்துத் தூக்க வேண்டும். கடிக்கும். இரத்தம் வரும். நான் கண்ணைக்கூட இமைப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் சோமபால அய்யா என்னை "மீ லொக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். எலி முதலாளி! பதினேழு வயதில் நம் தோட்டத்தில் வேறு யார் முதலாளி ஆனார்கள்?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இங்கே எலிக்குத்தான் தனி வளை. அதற்கு மின்விசிறி, நேரத்துக்குச் சாப்பாடு. நான் இருக்கும் கிராண்ட்பாஸ் அறையில் நாங்கள் ஐந்து பேருக்கு ஒரு யன்னல், அதையும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். பொலிஸ் பதிவு செய்துவிட்டேன், அம்மா பயப்பட வேண்டாம். போன கிழமை சோதனைச் சாவடியில் நிறுத்தி என்ன வேலை என்று கேட்டார்கள். "மீயோ பலாகன்னவா" என்றேன், எலி பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த ஆமிக்காரன் விழுந்து விழுந்து சிரித்து அடுத்தவனைக் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னான். மறுபடியும் சொன்னேன். அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தமிழ்ப் பையனைத்தான் திருப்பித் தரவில்லை.

சரி. இப்போது அப்பா கவனமாகக் கேட்க வேண்டிய இடம்.

இங்கே இரண்டு வம்சத்து எலிகள் இருக்கின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. சும்மா வம்சம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அண்ணனுக்கும் தங்கச்சிக்குமே சோடி சேர்த்து, ஒரு வம்சத்து எலியெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஆக்கி வைத்திருக்கிறார்கள். (கலை, சீ என்று சொல்லாதே.) இரண்டு வம்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாத் தீனி, மறு பாதிக்குக் கொழுப்பும் சீனியும் சேர்த்த தீனி போடுகிறோம். கொழுப்புத் தீனி தின்னும் கறுப்பு எலி கங்காணி மாதிரித் தொப்பை வைத்துவிடுகிறது. அதன் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அதே தீனியை அதே அளவு தின்னும் வெள்ளை எலிக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. ஓடுகிறது, ஆடுகிறது, என் விரலைக் கடிக்கிறது.

அப்பா, நீங்கள் எப்போதும் சொல்வீர்களே: "நானும் இராமசாமியும் ஒரே கோதுமை மா, ஒரே ரொட்டி, ஒரே கட்டச் சம்பல்தான் இத்தன வருசமாத் தின்னுறோம். அவனுக்கு இல்லாத சீனி எனக்கு மட்டும் எங்கயிருந்துடா வந்துச்சு? டொக்டர்மார் கட்டுன கத இது" என்று. கதை இல்லை அப்பா. பக்கத்துக் காம்பிரா வீட்டு இராமசாமி மாமா வெள்ளை எலி, நீங்கள் கறுப்பு எலி. தோலைச் சொல்லவில்லை, தோலைப் பார்த்தால் அவர்தான் தார் பீப்பாய். உள்ளே ஓடுவதைச் சொல்கிறேன். அவரைப் பார்த்து நீங்கள் சாப்பிட முடியாது.

காலில் சிரட்டைத் துண்டு குத்தியது தெரியவேயில்லை, ரப்பர் பால் வெட்டி முடித்து ஸ்டோருக்கு வந்த பிறகு இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, "நம்ம கால் இரும்புக் காலு" என்று இராமசாமி மாமாவிடம் பெருமையாகச் சொன்னீர்களாம். மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. குத்தினது தெரியாமல் இருப்பதுதான் அந்தச் சீனி வருத்தமே என்றார். கேகாலை ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, எடுக்கட்டும் அப்பா. இரண்டு விரல் இல்லாமலும் மலை ஏறலாம்.

கலை, இங்கே நிறுத்து. அடுத்த பந்தி உனக்கு மட்டும். அப்பா கேட்டால், அண்ணன் படிப்பைப் பற்றிப் புத்தி சொல்லியிருக்கிறான் என்று சொல்.

நம் தாத்தா, அம்மாவின் அப்பா, காலில் புண் வந்துதான் போனார். அவர் அப்பாவுக்குத் தாய்மாமன். அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். அப்படியென்றால் நீயும் நானும் இரண்டு தடவை காய்ச்சின கசிப்புச் சாராயம். ஆனால் பயப்படாதே. சாதாத் தீனி தின்னும் கறுப்பு எலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மிஸ்ஸே சொன்னார், வம்சம் துவக்கு என்றால் தீனிதான் தோட்டா என்று. அதனால் வீட்டில் சீனிப் போத்தலை ஒளித்து வை. அப்பாவுக்குத் தேயிலைச் சாயத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே, கித்துள் கருப்பட்டி கொடு. அது மரத்திலிருந்து வருவது, மருந்து மாதிரி. உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்து நக்கிக்கொண்டு குடிக்கட்டும். இதை நான் சொன்னதாகச் சொல். எலி முதலாளி சொன்னால் கேட்பார்.

மற்றபடி நான் சுகம். அம்மா மழையில் கொழுந்து பறிக்கப் போகும்போது தலைக்குப் படங்கு போட்டுக்கொள்ளவும்.

உங்கள் புகழ் பெற்ற மகன்
சுதாகரன்
(மீ லொக்கா, எலி மாளிகை, கொழும்பு)


கொழும்பு
சித்திரை கழிந்து, 2007

அப்பா, அம்மா, கலை மூவருக்கும்,

வருசப் பிறப்புக்கு வர முடியவில்லை. பஸ்ஸில் வரும் தமிழ்ப் பையன்களை இறக்கி இறக்கிப் பார்க்கிறார்கள், ஒரு கிழமை பொறுத்துப் போ என்று மிஸ் சொல்லிவிட்டார். அந்த ஒரு கிழமை இன்னும் முடியவில்லை.

கலை, உன் கடிதம் கிடைத்தது. உனக்கு மட்டும் எழுதிய பந்தியையும் அப்பா உருட்டி மிரட்டி வாசிக்க வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். நல்ல இரகசியக்காரி நீ. இராமசாமி மாமாவை இப்போது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் "வெள்ளெலி" என்று கூப்பிடுகிறார்களாம், அவர் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறாராம். அப்பா சிரித்துச் சிரித்து இருமினாராம். அதை வாசித்து நானும் சிரித்தேன். அதற்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு பால் வெட்டப் போகிறார். அந்த இரண்டுக்கும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டது.

அப்பா, கருப்பட்டியைப் பற்றி நான் சொன்னது பிழை.

இதை எழுதத்தான் இத்தனை நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன். சிரட்டைக் காயத்துக்கு முன்பே நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், நாட்டு வைத்தியர் வெதமாத்தயா சொன்னார், "சீனி வேற, ஹக்குரு வேற, நம்ம கருப்பட்டியால ஒண்ணும் வராது" என்று. எனக்கு அது உண்மை என்றுதான் பட்டது. நம் மலையில் கித்துள் மரத்தடியில் வளர்ந்தவன் நான், கொழும்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் மிஸ்ஸிடம் பந்தயம் கட்டுகிற மாதிரிக் கேட்டேன். மிஸ் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்டுதான் தம்பி, ஒங்கட ஊருக்கு மட்டும் தனி ஒடம்பா ஈக்கி?" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்பா சொன்னது சரி என்று எலியை வைத்தே காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு அம்மா கட்டித் தந்த கருப்பட்டி பெட்டியில் இருந்தது. சாதாத் தீனி தின்னும் கறுப்பு எலிக் கூடு ஒன்றைத் தெரிவு செய்தேன். நல்ல சுகமான எலிகள். வாலைத் தூக்கினால் நெளிந்து கடிக்கிற எலிகள். தினம் காலையில் கொஞ்சம் நொறுக்கிப் போட்டேன். அதுகள் முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு கடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம் லயத்து வாசலில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன் சாயத்தண்ணி குடிக்கிற ஆட்கள் மாதிரியே இருந்தது. நான்கூட ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அதுகளோடு நின்றேன்.

மாதம் முடிய இரத்தம் எடுத்தார்கள். அந்தக் கூட்டில் மட்டும் எல்லா எலிக்கும் இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. மிஸ்ஸுக்குத் தலை சுற்றியது. தீனி மாறிவிட்டதா என்று மூட்டை மூட்டையாகத் திறந்து பார்த்தார்கள். கருவி பழுதா என்று வேறு கருவி வைத்தார்கள். சோமபால அய்யாவை விசாரித்தார்கள். அந்த மனுசன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ததைப் பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கதிரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கூடு பாழாப் பெய்த்திட்டு தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தக் கூட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த எலிகள் இப்போது எந்தக் கணக்கிலும் இல்லை. தின்கின்றன, தூங்குகின்றன, யாரும் நிறுப்பதில்லை. வாலைத் தூக்கினால் நெளியவும் இல்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. என்னைப் போல் ஓர் ஆள் அவர்களுக்குக் கிடைக்க மாட்டான் அல்லவா. அது எப்படியோ போகட்டும்.

அப்பா, நான் அதுகளுக்கு நஞ்சு போடவில்லை. நம் வீட்டில் அம்மா கட்டித் தந்ததைத்தான் போட்டேன். வெள்ளை எலிக்குப் போட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது, நானும் மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்திருப்பேன், உங்களுக்கும் இன்னும் இரண்டு கட்டி வாங்கி அனுப்பியிருப்பேன். உங்களுக்குக் கருப்பட்டி கொடுக்கச் சொன்னது நான். இப்போது வேண்டாம் என்று சொல்வதும் நான். மாற்றி மாற்றிப் பேசுகிறான் என்று நீங்கள் சொல்வீர்கள். எலியைப் பார்த்துத்தான் மாற்றினேன்.

கலை, உள்ளங்கையில் ஒன்றும் வைக்காதே. கருப்பட்டியை அம்மாவின் அரிசிப் பானைக்குள் போட்டு மூடு. சாயத்தண்ணியை வெறுமனே கொடு. திட்டுவார். உன்னைத் திட்டும்போது என்னைத் திட்டுவதாக நினைத்துக்கொள், உனக்குப் பழக்கம்தானே. நம் வீட்டில் இனிப்பாக ஓடிக்கொண்டிருப்பது அப்பாவின் இரத்தம் ஒன்றுதான், அது போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அப்பா. இப்போது போனாலும் விரலோடு முடிந்துவிடும், கால் தப்பும் என்று மிஸ் சொல்கிறார். சிவனொளிபாதமலைச் சாமியும் நம் லயத்து மாரியம்மனும் உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் பார்க்கும் வரைக்கும் டொக்டரும் பார்க்கட்டும்.

சுதாகரன்


கொழும்பு
ஆடி மாதம், 2007
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கலை, இந்தக் கடிதத்தில் ஒளிக்கிற பந்தி இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி வரை சத்தமாக வாசி. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் வாசி. அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசி. இராமசாமி மாமா வந்தாலும் பரவாயில்லை.

அப்பா, நேற்று கபூர் முதலாளியின் கடை டெலிபோனிலிருந்து கலை பேசினாள். அழாமல் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நீங்கள் பெரட்டுக்குப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறதாம். கறுப்பு கணுக்காலுக்கு வந்துவிட்டதாம். அம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டே இருக்கிறாராம், பக்கத்துக் காம்பிராவுக்கு வாடை போகக்கூடாது என்று. தோட்டத்து டொக்டரையா கேகாலைக்குத் துண்டு எழுதித் தந்துவிட்டார், வெள்ளிக்கிழமை காலையில் லொறி போகிறது, இனி விரலோடு முடியாது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் தப்பலாம், அதையும் விட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாராம். அதற்கு நீங்கள், "மாமா அந்த லொறியிலதான் போனாரு, அந்த லொறியிலதான் வந்தாரு, நான் இங்கயே கெடக்குறேன்" என்று சொன்னீர்களாம்.

தாத்தா வந்த லொறியை எனக்கும் நினைவிருக்கிறது. நான் அப்போது சின்னப் பிள்ளை. கொழுந்துத் தாட்டு மூட்டை ஏதோ இறக்குகிறார்கள் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். நீங்கள்தான் என் கண்ணைப் பொத்தினீர்கள். அதனால் நீங்கள் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை.

இங்கே ஆராய்ச்சி முடிந்துவிட்டது. முடிந்தால் எலிகளை என்ன செய்வார்கள் என்று நான் கேட்டதேயில்லை. போன புதன்கிழமை தெரிந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, பிறகு உள்ளே திறந்து பார்க்கிறார்கள். கறுப்பும் போயிற்று, வெள்ளையும் போயிற்று. சுகமானதும் போயிற்று. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான். கொழுப்புத் தீனி தின்ற கறுப்பு எலியின் ஈரல் மஞ்சள் பூத்து, தொட்டால் மாஜரின் மாதிரி இருந்தது. சாதாத் தீனி தின்ற கறுப்பு எலியின் ஈரல் நல்ல சிவப்பு. இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. மிஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கணக்கில் இல்லாத என் கூட்டையும் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்து யாருக்கு என்ன பிரயோசனம்?

அப்பா, எலிக்குக் கேள்வி இல்லை. எந்த வம்சத்தில் பிறக்கிறது, எந்தத் தீனி, எந்த நாள், எல்லாம் மற்றவர்கள் போட்ட கணக்கு. நமக்கும் பாதி அப்படித்தான். தோட்டத்தில் தருகிற கோதுமை மாவை நாமா கேட்டோம்? ஆனால் லொறியில் ஏறுவதா வேண்டாமா என்று உங்களிடம் கேட்கிறார்கள். ஒரு எலியிடமும் யாரும் அப்படிக் கேட்டதை நான் காணவில்லை.

கால் போனால் பால் வெட்ட முடியாது, செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள், வெட்டிப்பயலாய்க் காம்பிராவில் குந்திக்கொண்டு பொண்டாட்டி சம்பளத்தில் தின்பதா என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அம்மா அதற்குப் பதிலை நேற்று கலையிடமிருந்து டெலிபோனை வாங்கி என்னிடம் சொன்னார்: "குந்திக்கிட்டு இருக்கட்டும்டா. ஒரு மூலையில குந்திக்கிட்டு என்னைய ஏசிக்கிட்டாவது இருக்கட்டும். அது போதும் எனக்கு." உங்களிடம் இதைச் சொல்ல அவருக்கு வெட்கம். கலை, இந்த இடத்தை மெதுவாக வாசி.

இனி என் கதை.

முதல் கடிதத்தில் பெரிய வீரன் மாதிரி எழுதியிருந்தேன். எலி கடித்தால் கண் இமைப்பதில்லை என்று. எலி கடித்தால் இமைப்பதில்லைதான், அது உண்மை. மீதி எல்லாம் சும்மா. மீ லொக்கா என்று சோமபால அய்யா கூப்பிடுவது நான் முதலாளி என்பதால் இல்லை. முதல் நாள் ஒரு எலி கையிலிருந்து நழுவியதும் நான் மேசை மேல் ஏறி நின்றேன், அதற்கு. இதையும் இராமசாமி மாமா கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும். வெள்ளெலி என்று பேர் வைத்ததற்கு அவர் இனிமேல் என்னைப் பழி வாங்கலாம்.

போன வியாழக்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வீட்டில் யார் யாருக்கு இந்த வருத்தம் என்று கேட்டார். சொன்னேன். தாத்தா, நீங்கள், அம்மா உங்கள் மாமன் மகள், எல்லாம். பிறகு, "வெரல நீட்டுங்க தம்பி, ஒரு சொட்டுதான்" என்றார். சீனி பார்க்கும் கருவி மேசையில் இருந்தது. எத்தனையோ எலிக்கு நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், அந்த ஒரு சொட்டை.

நான் எழும்பி ஓடிவிட்டேன் அப்பா.

தீனி ஸ்டோருக்குள் போய், மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். மிஸ் கதவடியில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு இரவில் தாகம் எடுக்கிறது. அறையில் காற்று இல்லாததால் இருக்கும். கூட இருக்கிற பையன்களுக்கும் எடுக்கிறது என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

உங்களை ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்று மூன்று கடிதம் எழுதிய வீரன் ஒரு சொட்டு இரத்தத்துக்குப் பயந்து தீனி மூட்டைக்குப் பின்னால் இருந்தான். மிஸ் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. வியாழக்கிழமையே புறப்பட்டு மாவனல்லையில் கபூர் முதலாளி கடையில் தங்கிக்கொள்வேன். லொறி வரும்போது கேகாலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீங்கள் வந்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் விரலை நீட்டுகிறேன். நீங்கள் வராவிட்டாலும் நீட்டத்தான் வேண்டும் என்று மிஸ் சொல்வார். ஆனால் தனியாக உட்கார எனக்குத் தைரியம் இல்லை அப்பா. உங்கள் காலுக்காக வர வேண்டாம். எனக்குத் துணைக்கு வாருங்கள்.

உங்கள் மகன்
சுதாகரன்